காட்டு மூலையில் அசைவது பறவைதான்

கேள்வி: பழைய ஹாலிவுட் படங்களைப் பற்றி நீங்கள் வெளியிடும் துணுக்குகளைத் தவறாமல் படிக்கிறேன். 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' (1939) படத்தில் மஞ்ச்கின் என்னும் குட்டி மனிதராக நடித்த ஒருவர் காதல் தோல்வியால் காட்டு செட்டிலேயே தூக்குப் போட்டுக்கொண்டார், அது அப்படியே கேமராவில் பதிவாகிவிட்டது என்பது உலகறிந்த செய்தி. வீடியோ ஆதாரமும் இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு யாருக்கு என்ன சம்பளம், யாருக்கு எங்கே காயம் என்று எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். சினிமாத் துணுக்கு ரசிக்கும்படி இருக்க வேண்டாமா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: அந்த செட்டில் யாரும் தூக்குப் போட்டுக்கொள்ளவில்லை. காட்சியை மறுபடி பாருங்கள். படத்தின் நாயகியான சிறுமி டோரத்தியும் வைக்கோல் மனிதனும் தகர மனிதனைச் சேர்த்துக்கொண்டு மஞ்சள் செங்கல் பாதையில் ஆடிப் பாடிப் போகிறார்கள். அவர்கள் நமக்கு முதுகு காட்டி நடக்கும்போது, பின்னால் மரங்களுக்கு நடுவே கரிய உருவம் ஒன்று அசைகிறது. அது ஒரு பெரிய பறவை. காட்டு செட் உயிரோடு இருப்பதுபோல் தெரியட்டும் என்று லாஸ் ஏஞ்சலஸ் மிருகக்காட்சி சாலையிலிருந்து பறவைகளை இரவல் வாங்கி உலவ விட்டிருந்தார்கள். அவற்றில் ஒன்று சிறகை விரித்து மடக்குகிறது. அவ்வளவுதான்.

1980களில் படம் வீடியோ கேசட்டாக வீடுகளுக்குள் வந்தது. மங்கலான அந்தப் பிரதியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவர்களிடமிருந்து பரவிய கதை இது. துலக்கி எடுத்த பின்னாள் பிரதிகளில் சிறகு சிறகாகவே தெரிகிறது. நீங்கள் ஆதாரம் என்று சொல்லும் வீடியோக்களில் சில, தொங்கும் உருவத்தைப் பின்னால் ஒட்டிச் செய்தவை.

படப்பிடிப்பு நடக்கும் விதத்தைக் கொஞ்சம் யோசித்திருந்தாலே சந்தேகம் வந்திருக்கும். அன்றைய டெக்னிகலர் கேமராவில் மூன்று நெகட்டிவ் சுருள்கள் ஒரே நேரத்தில் ஓடும். அதற்கு வேண்டிய வெளிச்சத்துக்காக செட் முழுக்க ராட்சத விளக்குகள் எரிந்தன. உள்ளே வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. உண்மையான சிங்கத்தோலில் தைத்த உடைக்குள், சிங்கமாக நடித்த பெர்ட் லார் நாள் முழுக்க வெந்துகொண்டிருந்தார். ஒளிப்பதிவாளர், உதவியாளர்கள், விளக்குக்காரர்கள், ஒப்பனைக்காரர்கள் என்று பெரிய கூட்டம் அங்கே இருந்தது. எடுத்த படத்தை ரஷ் போட்டுப் பார்த்தார்கள். எடிட்டர் மேசையில் அது எத்தனையோ முறை ஓடியிருக்கும். இத்தனை கண்களுக்கும் படாத பிணம் ஐம்பது வருடம் கழித்துக் கேசட்டில் தெரிந்தது என்றால் எப்படி நம்புவது?

ஆனால் என் கோபம் வெறும் தகவல் பிழை மீது இல்லை. இந்தக் கதை யாரைப் பற்றிச் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். மஞ்ச்கின்களாக நடித்த உயரம் குறைந்த கலைஞர்கள் 120க்கும் மேல். படத்தின் எழுத்துப் பட்டியலில் அவர்களில் ஒருவர் பெயரும் தனியாக இல்லை. லியோ சிங்கர் என்ற ஏற்பாட்டாளரின் குழுப் பெயரில் எல்லோரையும் ஒரே வரியில் அடக்கிவிட்டார்கள். லாலிபாப் கொடுக்கும் மூவரில் ஒருவராக வந்த ஜெரி மாரென், தங்களுக்கு வாரத்துக்கு 50 டாலரும் டோட்டோ நாய்க்கு 125 டாலரும் கொடுக்கப்பட்டதாகக் கடைசிவரை சொல்லிவந்தார். படம் முடிந்த பிறகு அவர்களுக்குக் கிடைத்தது இன்னொன்று: எல்லோரும் குடிகாரர்கள், ஹோட்டலில் ரகளை செய்தார்கள் என்ற பேச்சு. டோரத்தியாக நடித்த ஜூடி கார்லண்டே ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அதைச் சிரிப்புக்காகச் சொன்னார். அது பெரும்பாலும் கட்டுக்கதை என்று மாரெனும் மற்றவர்களும் முதுமையிலும் மறுத்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. அதற்கு மேல் வந்ததுதான் இந்தத் தூக்குக் கயிறு.

பெயர் போடவில்லை, சம்பளம் குறைவு, குடிகாரர் என்ற பட்டம், கடைசியில் இல்லாத சாவு. இதை 'சுவையான செய்தி' என்று என்னால் அச்சில் ஏற்ற முடியாது. 2007ல், கலைஞர்களைக் கௌரவிக்கும் ஹாலிவுட் நடைபாதையில் மஞ்ச்கின்களுக்கு ஒரு நட்சத்திரம் பதித்தார்கள். அப்போது மாரெனோடு அங்கே வந்து நிற்க மிகச் சிலரே உயிரோடு இருந்தார்கள். உங்களிடம் துணுக்காகச் சொல்ல இது இருக்கிறது. ஆனால் நமக்கு வந்து சேருவது பறவையின் சிறகைப் பிணமாக்கிய கதை.

சாவு தேடும் ஆர்வத்தில், அந்த செட்டில் நிஜமாகவே சாவின் விளிம்புக்குப் போனவரை மறந்துவிடுகிறார்கள். தகர மனிதனாக முதலில் நடித்தவர் ஜாக் ஹேலி இல்லை, பட்டி எப்சன். முகத்தில் வெள்ளை பூசி, அதன்மேல் அலுமினியத் தூளைத் தூவினார்கள். தூள் மூச்சோடு நுரையீரலுக்குள் போனது. படப்பிடிப்பு தொடங்கிச் சில நாட்களிலேயே அவருக்கு மூச்சு முட்டியது. மருத்துவமனையில் செயற்கைச் சுவாசத்தில் வைக்கும் நிலை வந்தது. எம்.ஜி.எம். ஸ்டூடியோ அவர் இடத்தில் ஹேலியை அமர்த்திக்கொண்டது. தூளுக்குப் பதிலாக அலுமினியக் குழம்பைப் பூசினார்கள். ஏன் மாற்றினோம் என்று ஹேலியிடம் சொல்லவில்லை. அந்தக் குழம்பு கண்ணில் பட்டு அவருக்கும் தொற்று வந்தது. எப்சனின் குரல் மட்டும் படத்தில் தங்கிவிட்டது. மந்திரவாதியைப் பார்க்கப் புறப்படும் கூட்டுப் பாட்டில் கவனித்துக் கேட்டால் அவரைப் பிடித்துவிடலாம். ஹேலி, லார், வைக்கோல் மனிதனாக நடித்த ரே போல்ஜர் எல்லோருக்கும் பிறகு, 2003ல், 95 வயதில்தான் எப்சன் இறந்தார்.

மார்கரெட் ஹாமில்டன் கதை இன்னும் கொடுமை. பச்சை முகத்துச் சூனியக்காரி வேடம் அவருக்கு. மஞ்ச்கின் ஊரிலிருந்து புகையும் தீயுமாக மறையும் காட்சியை 1938 டிசம்பர் 23ல் எடுத்தார்கள். புகை மறைக்கும்போது அவர் தரையிலிருந்த பொறிக்கதவு வழியாகக் கீழே இறங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தீ எழ வேண்டும். முதல் டேக் சரியாக வந்தது, படத்தில் இருப்பதும் அதுதான். ஆனாலும் இன்னொரு டேக் போனார்கள். அதில் அவர் இறங்குவதற்குள் தீ முந்திக்கொண்டது. முகமும் கையும் வெந்தன. பச்சை மையில் தாமிரம் கலந்திருந்ததால் அது புண்ணுக்குள் போவதற்கு முன் துடைத்தாக வேண்டும். வெந்த தோலை ஆல்கஹால் போட்டுத் துடைத்தார்கள். ஆறு வாரம் வீட்டில் கிடந்தார். விவாகரத்தாகி, சின்னஞ்சிறு மகனைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்த பெண் அவர். வழக்குப் போட்டால் பிறகு எந்த ஸ்டூடியோவும் கூப்பிடாது என்று அவருக்குத் தெரியும், அதனால் போடவில்லை. திரும்பி வந்தபோது இனித் தீ வேலைக்கு வர மாட்டேன் என்று மட்டும் சொன்னார். புகை கக்கும் துடைப்பக்கட்டை மேல் பறக்கும் காட்சிக்கு அவருடைய டூப் பெட்டி டாங்கோவை ஏற்றினார்கள். புகைக் குழாய் வெடித்து அவருடைய கால் கிழிந்தது.

அந்த முகத்தைப் பார்த்து எத்தனையோ தலைமுறைக் குழந்தைகள் பயந்தார்கள். அதில் ஹாமில்டனுக்கு வருத்தம் உண்டு, நடிக்க வருமுன் அவர் மழலையர் பள்ளி ஆசிரியை. 1975ல் 'மிஸ்டர் ராஜர்ஸ்' குழந்தைகள் நிகழ்ச்சிக்குப் போய், சாதாரணப் பாட்டியாக உட்கார்ந்து, அந்தக் கறுப்பு உடையை ஒவ்வொன்றாக அணிந்து காட்டி, உள்ளே இருப்பது நான்தான் என்று புரியவைத்தார். எனக்கு மிகவும் பிடித்த ஹாலிவுட் செய்திகளில் ஒன்று அது. ரசிக்கும்படி ஒன்று கேட்டீர்களே, இதை ரசியுங்கள்.

சம்பளமும் காயமும் ரசனைக்கு இடைஞ்சல் என்று நீங்கள் நினைப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே 1939ல், அதே இயக்குநர் விக்டர் ஃபிளெமிங் பெயரில் வந்த 'கான் வித் தி விண்ட்' படத்துக்காக ஹாட்டி மெக்டேனியல் ஆஸ்கர் வாங்கினார். ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர். துணுக்குகள் இங்கேயே நின்றுவிடும். 1940 பிப்ரவரி 29 இரவு விழா நடந்த அம்பாசடர் ஹோட்டல், கறுப்பினத்தவரை அனுமதிக்காத ஹோட்டல். தயாரிப்பாளர் செல்ஸ்னிக் சொல்லித்தான் அவரை உள்ளே விட்டார்கள். விட்டும், சக நடிகர்களோடு உட்காரவைக்கவில்லை. ஓரமாகச் சுவரை ஒட்டிப் போட்ட தனி மேசையிலிருந்து எழுந்து வந்துதான் அவர் பரிசை வாங்கினார். அதற்கு இரண்டரை மாதம் முன்பு அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்கு அவர் போகவே முடியவில்லை. தன்னை ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் புதைக்க வேண்டும் என்பது அவர் கடைசி ஆசை. 1952ல் அவர் இறந்தபோது நிறத்தைக் காட்டி அதையும் மறுத்தார்கள். மேசை எங்கே போடப்பட்டது என்பதை விட்டுவிட்டு 'முதல் கறுப்பினக் கலைஞர்' என்று மட்டும் எழுதினால் பாதி உண்மையைத்தான் எழுதியிருப்பேன். அந்தப் பாதி, ஹோட்டல்காரர்களுக்கு வசதியான பாதி.

எனக்கும் இந்தப் படங்கள்மேல் கொள்ளை ஆசை. டோரத்தியின் காலணி, படத்துக்கு மூலமான எல். ஃபிராங்க் பாமின் 1900 நாவலில் வெள்ளி நிறம், டெக்னிகலரில் எடுப்பாகத் தெரியத்தான் சிவப்பானது என்பதைப் பலமுறை சந்தோஷமாக எழுதியிருக்கிறேன். 2005ல் திருடுபோய் 2018ல் மீட்கப்பட்ட அந்தக் காலணி ஜோடி ஒன்று 2024 ஏலத்தில் கட்டணங்களோடு 3.25 கோடி டாலருக்குப் போனதையும் எழுதலாம். அதை எழுதும் பக்கத்தில் மாரென் சொன்ன அந்த 50 டாலரும் இருக்கும். ஹாமில்டனின் ஆறு வாரமும் இருக்கும்.

ஆகவே தூக்குக் கதை இந்த இதழில் வராது. அடுத்த முறை துணுக்கு அனுப்பும்போது யாருக்கு நடந்தது, எந்தப் படத்தில், எந்த வருடம், உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று சேர்த்து எழுதி அனுப்புங்கள். சரிபார்த்துப் போடுகிறேன்.