வருமானம் குறைந்த நேரத்தில் பழைய நாணயச் சேகரிப்பை எப்படித் தொடர்வது? கையில் இருப்பதை விற்றுவிடலாமா?

மாதம் நாலாயிரம், ஐந்தாயிரம் என்று நாணயங்களுக்கு ஒதுக்கி வந்தவருக்குச் சம்பளம் குறைந்துவிட்டது. நிறுத்துவதா, குறைப்பதா, இருப்பதை விற்பதா என்பது கேள்வி.

கிரெடிட் கார்டு பாக்கி இருக்கிறதென்றால் வாங்குவதை இன்றே நிறுத்துங்கள். அந்த வட்டியை ஈடுகட்டும் வேகத்தில் எந்த நாணயமும் விலை ஏறாது. விற்பதில்தான் நிதானம் தேவை. நெருக்கடியில் முதலில் கைவைக்கத் தோன்றுவது ஆல்பத்தில் இருப்பதிலேயே அருமையான காசு. பெரும்பாலும் அதுதான் கடைசியில் விற்க வேண்டியது.

சேகரிப்பை மேசையில் கொட்டி மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உலோகத்துக்காகவே விலை போகும் நாணயங்கள் ஒரு பக்கம். சேகரிப்பாளர் தேடுவதால் விலை போகும் நாணயங்கள் இன்னொரு பக்கம். அரசு நாணயசாலை அழகான பெட்டியில் வைத்து விற்கும் புரூஃப் செட் (சேகரிப்பாளருக்கென்றே பளபளப்பாக அடித்தவை), யூ.என்.சி செட் (புழக்கத்துக்கே போகாதவை) மூன்றாவது. கஷ்ட காலத்தில் இவை மூன்றும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

மூன்றாவது வகையின் விலைதான் முதலில் படுக்கும். வாங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே வகையான ஆட்கள். அவர்கள் கை ஒரே நேரத்தில் இறுகிவிடுகிறது. அமெரிக்காவில் பெருமந்தம் முழுதாக விலகாத 1936ஆம் ஆண்டில், சின்சினாட்டி நினைவு அரை டாலர் செட் 5,000 மட்டுமே அடித்து, செட் 7.75 டாலருக்கு விற்றார்கள். கைக்குக் கை மாறி விலை பல மடங்கு ஏறியது. அந்த மோகம் தணிந்ததும் அந்த வருடத்து நினைவு நாணயச் சந்தை மொத்தமும் சரிந்தது. நம் ஊர் உதாரணம், தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010இல் வந்த 1,000 ரூபாய் நாணயம். எடை 35 கிராம், அதில் 80 சதவீதம் வெள்ளி, அதாவது 28 கிராம். அதற்கு உலோகம் என்ற தரைமட்டம் ஒன்றாவது இருக்கிறது. வெள்ளியே இல்லாத யூ.என்.சி செட்டுகளுக்கு அதுவும் கிடையாது. வருடா வருடம் வரும் புது வெளியீடுகளுக்கு முன்பதிவு செய்யும் பழக்கம் இருந்தால் வெட்ட வேண்டிய முதல் செலவு அதுதான். இரண்டு வருடம் கழித்து வேண்டுமென்று தோன்றினால் அப்போது டீலரிடம் வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலான வெளியீடுகள் எங்கும் ஓடிப்போவதில்லை.

அடுத்து முதல் வகை, அதாவது வெள்ளி ரூபாய். விக்டோரியா, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் காலத்து ஒரு ரூபாய் எடை 11.66 கிராம், 91.7 சதவீதம் வெள்ளி. சுத்த வெள்ளி 10.69 கிராம். ஆறாம் ஜார்ஜ் காலத்தில் 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் எடை அதேதான், வெள்ளி பாதி: 5.83 கிராம். 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை, முழு நிக்கல், காந்தத்தில் ஒட்டும். வெள்ளி கிராம் 150 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்தால் 91.7 சதவீத ரூபாயில் சுமார் 1,600, 1940–45 ரூபாயில் சுமார் 875 ரூபாய்க்கு உலோகம் இருக்கிறது. அன்றைய விலையைப் போட்டு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். பொருளாதாரம் ஆடும்போது பலர் தங்கம், வெள்ளி பக்கம் ஓடுவதால், உங்கள் வருமானம் குறையும் அதே சமயத்தில் இந்த நாணயங்களின் விலை ஏறியிருக்க வாய்ப்பு உண்டு. 1917, 1918 போன்ற மிக அதிகமாக அடிக்கப்பட்ட வருடங்களின் தேய்ந்த ரூபாய்கள் பத்து வைத்திருந்தால், பணம் தேவைப்படும்போது முதலில் போக வேண்டியவை அவைதான். பின்னால் அதே நாணயம் எளிதாகத் திரும்பக் கிடைக்கும்.

வெள்ளி இன்னும் ஏறும் என்று காத்திருப்பதிலும் அபாயம் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் கோடீஸ்வரர்களான ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததில், 1980 ஜனவரியில் அவுன்ஸ் 50 டாலரை நெருங்கிய விலை, மார்ச் 27 அன்று 11 டாலருக்கும் கீழே வந்தது. ஏறிய மாதங்களில் உலகெங்கும் பழைய வெள்ளி நாணயங்கள் மூட்டை மூட்டையாக உருக்கப்பட்டன. உருக்கினால் கிடைக்கும் விலையும் சேகரிப்பாளர் விலையும் ஒன்றாகிவிடும் நேரத்தில் வருடம் பார்க்காமல் எடை போட்டுக் கொடுப்பவர்தான் ஏமாறுகிறார். ஆகவே சௌகார்பேட்டையோ உங்கள் ஊர் நகைக்கடையோ, வெள்ளியைக் கொண்டுபோகும் முன் ஒவ்வொன்றின் வருடத்தையும் படியுங்கள். 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயைத் தனியே எடுத்து வையுங்கள். மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிகிறதென்று எதிர்ப்பு கிளம்பி, பெரும்பகுதி திரும்பப் பெறப்பட்டு உருக்கப்பட்ட ‘பன்றி ரூபாய்’ அது. 1939 ரூபாய் மிக அரிது. அதனாலேயே 1938இன் கடைசி எண்ணைத் திருத்தியவை சுற்றுகின்றன. லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

சேகரிப்பாளர் தேவையால் விலை போகும் இரண்டாம் வகையை அவசரத்தில் விற்றால் நஷ்டம் எங்கே வருகிறது என்று பாருங்கள். ஏலத்தில் 5,000 ரூபாய்க்கு ஒரு நாணயம் கேட்டு எடுத்தீர்கள். வாங்குபவர் கமிஷன் 15 சதவீதம் என்றால் 750; அதற்கு வரி, கூரியர் எல்லாம் சேர்ந்து 6,000 ரூபாயைத் தாண்டிவிடும். அதே நாணயத்தை அதே ஏலத்தில் விற்கக் கொடுத்து அதே 5,000 ரூபாய்க்குப் போனால், விற்பவர் கமிஷன் 10 சதவீதம் கழித்து 4,500தான் கைக்கு வரும். விலை ஒரு பைசா இறங்காமலே நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. கமிஷன் ஏல நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்; கேட்லாக்கின் நிபந்தனைப் பக்கத்தை முதலில் படியுங்கள். பணமும் உடனே வராது. நாணயத்தைக் கொடுத்து, கேட்லாக் அச்சாகி, ஏலம் முடிந்து, வாங்கியவர் பணம் கட்டி உங்கள் கணக்கில் ஏறச் சில மாதங்கள் ஆகலாம். இந்த மாத வாடகைக்கு ஏலம் உதவாது. டீலர் உடனே பணம் தருவார், ஆனால் அவர் விற்கும் விலையில் பாதியைச் சொன்னாலும் ஆச்சரியப்பட வேண்டாம். அவர் பணமும்தான் முடங்கிக் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது சக சேகரிப்பாளர். சென்னையில் மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற சங்கங்களின் கூட்டத்தில், இரு பக்கமும் தெளிவான படம், எடை, எழுதிய விலையுடன் கொண்டுபோனால் கமிஷன் இல்லாமல் கை மாறும்.

எதை விற்றாலும் ஒரு நூல் பிடியுங்கள்: நூறு வருடத்தைத் தாண்டிய நாணயத்தை வெளிநாட்டு ஆளுக்கு அனுப்பாதீர்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தில் அது குற்றம். வெளிநாட்டு விற்பனைத் தளத்தில் நல்ல விலை தெரிகிறதே என்று ஆசைப்படுபவர்கள் மாட்டுவது இங்கேதான்.

இனி, வாங்குவதைக் குறைப்பது. மாதம் 5,000 என்பதை 1,000 ஆக்கினால் வாங்கும் முறையும் மாற வேண்டும். பழைய முறையில் சின்னதாக வாங்கினால் பணம் கூரியரிலேயே கரையும். 150 ரூபாய்க் காசு ஐந்தை ஐந்து பேரிடம் வாங்கினால், ஆளுக்கு 70 ரூபாய் அனுப்பும் செலவு வைத்தாலும் 750 ரூபாய் நாணயத்துக்கு 350 ரூபாய் தபாலுக்குப் போகிறது. மூன்று மாதம் பொறுத்து ஒரே டீலரிடம் 3,000 ரூபாய்க்கு ஒரே பார்சலாக வாங்கினால் விலையிலும் குறைத்துக் கேட்க இடம் கிடைக்கும். கண்காட்சிக்குப் போவதானால் கடைசி நாள் பிற்பகலில் போங்கள். அள்ளிக்கொண்டு ஊர் திரும்ப மனமில்லாத டீலர் அப்போது சொல்லும் விலை வேறு. அரிதான சரக்கு முதல் நாளே போயிருக்கும் என்பது உண்மைதான். ஆயிரம் ரூபாய்க்காரருக்கு அது இழப்பில்லை.

செலவே இல்லாமல் தொடரவும் வழி உண்டு. அமெரிக்கப் பெருமந்தத்தின் நடுவில், 1934 வாக்கில், விஸ்கான்சினைச் சேர்ந்த ஜே.கே. போஸ்ட் ஓட்டை போட்ட அட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். புழக்கத்தில் வரும் ஒரு சென்ட் நாணயங்களை வருடவாரியாகத் தேடி ஓட்டையை நிரப்ப வேண்டும். பின்னர் விட்மன் நிறுவனம் அதை எடுத்துப் பெரிதாக்கியது. காசில்லாத காலத்தில்தான் நாணயச் சேகரிப்பு அங்கே வீடு வீடாகப் போனது.

நம் புழக்க நாணயங்களுக்கும் அது பொருந்தும். வருடத்தின் கீழே பாருங்கள்: வைரக்குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. 1, 2, 5, 10 ரூபாய் நான்கும் நான்கு நாணயசாலையிலும் என்றால் ஒரு வருடச் செட்டின் முகமதிப்பு 72 ரூபாய். எல்லா நாணயசாலையும் எல்லா மதிப்பையும் ஒவ்வொரு வருடமும் அடிப்பதில்லை. இல்லாததைத் தேடி அலையாமல் இருக்கக் கேட்லாக் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் சிறியதாக வேண்டுமென்றால் 10 ரூபாய் நாணயம் போதும். தமிழ்நாட்டில் கடைக்காரர்கள் செல்லாது என்று திருப்பிக்கொண்டிருந்தபோது, 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. அந்த 14உம் சேர்ந்தால் 140 ரூபாய். செலவும் இல்லை, என்றைக்கு வேண்டுமானாலும் அரிசிக் கடையில் கொடுத்துவிடலாம். அண்ணா நூற்றாண்டுக்கு 2009இல் வந்த 5 ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்து இருக்கிறது. அதுவும் சில்லறையில் கிடைக்கக்கூடியதே. யூ.பி.ஐ வந்தபின் சில்லறை கண்ணில் படுவதே குறைந்துவிட்டது என்பது மட்டும்தான் சங்கடம். தெரிந்த மளிகைக் கடை, கோயில் அர்ச்சனைத் தட்டுக் கடை, பேருந்து நடத்துநர் என்று யாரிடமாவது நோட்டைக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பழங்காசுதான் வேண்டும் என்றால் செம்புக்கு வாருங்கள். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவத்துடன் நாகரியில் ஸ்ரீ ராஜராஜ என்ற எழுத்து உள்ள ராஜராஜன் காசு ஏராளமாகக் கிடைப்பதால், சுமாரான தரத்தில் சில நூறு ரூபாய்க்குள் முடியும். புதுக்கோட்டை அம்மன் காசு, பின்பக்கம் தெலுங்கில் விஜய என்று இருப்பது, அதைவிடவும் மலிவு. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்கு அனுப்பிய 1808ஆம் ஆண்டு 10 காசு, 20 காசுகளின் கதை தனி. அவற்றை ஏற்றி வந்த ‘அட்மிரல் கார்டனர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் காசுகள் பெருமளவில் மேலே எடுக்கப்பட்டதால் இருநூறு வருடப் பழமைக்குச் சம்பந்தமில்லாத சாதாரண விலையில் நிற்கின்றன. பழமை விலையைத் தீர்மானிப்பதில்லை, எத்தனை மிச்சம் இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

வெள்ளி ஏறும்போது போலி ரூபாயும் பெருகும். 0.01 கிராம் காட்டும் சிறு தராசு ஒன்று வாங்குங்கள். ஒரே ஒரு போலியைத் தவிர்த்தாலே அதன் விலை வந்துவிடும். நாணயத்தை எடை போடுங்கள். பிறகு தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுங்கள்; வருவது நாணயத்தின் அடர்த்தி. 91.7 சதவீத வெள்ளி ரூபாய் நீரில் சுமார் 1.13 காட்டும், வகுத்தால் 10.3 வரும். 1940–45 ரூபாய்க்கு 9.5 வாக்கில் வர வேண்டும். 8.7 பக்கம் வந்தால் வெள்ளியே இல்லாத ஜெர்மன் சில்வர் என்று சந்தேகிக்கலாம். காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் கணக்கு பிசகும், தட்டிவிட்டுப் பாருங்கள். உண்மையான வெள்ளியிலேயே வார்த்த போலி இந்தச் சோதனையில் தப்பிவிடும். அதற்கு விளிம்புக் கோடுகளையும் பரப்பில் ஊசிக்குத்து மாதிரியான குழிகளையும் பார்க்க வேண்டும். ராமர், அனுமன் உருவத்துடன் 1616, 1717, 1818 என்று வருடம் போட்டு வரும் ‘கிழக்கிந்தியக் கம்பெனி அணா’க்களைச் சோதிக்கவே வேண்டாம். அப்படி ஒரு நாணயத்தைக் கம்பெனி அடிக்கவில்லை.

பணமுடை வந்தால் இன்னொரு வலை விரியும்: ‘உங்கள் பழைய 5 ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம்’ என்ற விளம்பரம். தொடர்புகொண்டால் பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று முன்பணம் கேட்பார்கள், ரிசர்வ் வங்கி பெயரில் கடிதம்கூடக் காட்டுவார்கள். தான் இப்படி எதிலும் ஈடுபடுவதில்லை, யாருக்கும் அனுமதி தரவும் இல்லை என்று அந்த வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. நாணயம் வாங்க வருகிறவர் உங்களிடம் பணம் கேட்டால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

வாங்காமல் இருக்கும் மாதங்களில் இருப்பதைக் கெடாமல் பாருங்கள். வளையும் தன்மையுள்ள, புது ரெயின்கோட் மாதிரி வாடை அடிக்கும் பிளாஸ்டிக் உறைகள் பி.வி.சி. காலப்போக்கில் அமிலம் கசிந்து நாணயத்தில் பச்சை நிறத்தில் பிசுபிசுப்பு படியும், செம்பு அரிக்கும். சுத்தமான அசிடோனில் நனைத்து எடுத்தால் அந்தப் பிசுபிசுப்பு கரையும். நகச்சாயம் அழிக்க விற்கும் கலவை வேண்டாம். அடுப்பு, விளக்கு அருகில் செய்ய வேண்டாம். பிறகு மைலார் (பி.வி.சி கலக்காத தெளிவான பிளாஸ்டிக் தாள்) ஜன்னல் வைத்த அட்டை ஹோல்டருக்கு மாற்றுங்கள். ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கும்போது நாணயத்தில் கீறல் விழாமல், அட்டையை வெட்டியே எடுங்கள். விற்கப்போகிறோமே, பளிச்சென்று இருக்கட்டும் என்று செம்பைப் புளி போட்டும் வெள்ளியை விபூதி போட்டும் தேய்த்தால், ஆயிரம் ரூபாய்க் காசு அந்த நிமிடமே பாதி விலைக்கு வந்துவிடும்; பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை. கடலோர ஊர் என்றால் பெட்டியில் சிலிக்கா ஜெல் போடுங்கள், நிறம் மாறும்போது எடுத்துச் சூடாக்கி உலர்த்தி மறுபடி வையுங்கள்.