14 கேஇவி எங்கிருந்து வந்தது?

வணக்கம் ஐயா,

சேலத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். விண்வெளியில் இயங்கும் சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கியின் ஆவணத்திலிருந்து ஏபெல் 1795 கேலக்சிக் கொத்தின் தரவை இறக்கி, வளையம் வளையமாக நிறமாலை எடுத்தேன். கொத்தை நிரப்பியுள்ள வாயுவின் வெப்பநிலை நடுவில் 4 கேஇவி (கிலோ எலக்ட்ரான் வோல்ட், ஆற்றல் அலகு) வருகிறது. வெளி வளையத்தில் 14! பின்னணிக்கான வெற்று வானத் தரவுக் கோப்பினை (கொத்து இல்லாத வானத்தைப் பார்த்து எடுத்தது) எக்ஸ்போஷர் நேர விகிதப்படி கழித்துவிட்டேன். பிழை எங்கே? ஏற்காட்டில் ஒரு உணர்கருவி வைத்தால் இந்த எக்ஸ் கதிர் கிடைக்குமா?

அன்புள்ள நண்பருக்கு,

ஏற்காடு கேள்வியை முதலில் முடித்துவிடலாம்: கிடைக்காது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினாலும் சுமார் 1500 மீட்டர்தான். காற்றில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இன்னும் தலைக்கு மேலேதான். 1 கேஇவி ஃபோட்டானை அடக்கச் சில மில்லிமீட்டர் காற்றே போதும். நம் நாட்டுக் கருவியின் தரவு வேண்டுமென்றால் இஸ்ரோ 2015இல் ஏவிய ஆஸ்ட்ரோசாட் விண்வெளித் தொலைநோக்கியின் ஆவணம் திறந்தே இருக்கிறது.

இனி அந்த 14. அது வாயுவின் சூடு அல்ல, கழிபடாத பின்னணி. தொலைநோக்கியின் உணர்சிப்பில் பதிவாகும் எல்லாமே அதன் குவிக்கும் கண்ணாடி வழியாக வந்தவை அல்ல. காஸ்மிக் துகள்கள் விண்கலத்தைத் துளைத்தும் வருகின்றன. சூரியன் அடங்கியிருக்கும் ஆண்டுகளில் அவை அதிகம். நேர விகிதம் மட்டும் போட்டால் அந்தக் கூடுதல் அப்படியே தங்கிவிடும். சூடான வாயுவின் நிறமாலை எந்த ஆற்றலில் சரியத் தொடங்குகிறது என்பதை வைத்துத்தான் வெப்பநிலையைக் கணிக்கிறோம். துகள் மிச்சமோ தட்டையாக நீளும். சரிவு மறைந்துபோக, நிறமாலையைப் பொருத்தும் எக்ஸ்ஸ்பெக் மென்பொருள் வெப்பநிலையை ஏற்றிக்கொண்டே போகும். வாயுவின் ஒளி அடர்த்தியின் இருமடியைப் பொறுத்தது என்பதால் நடுவில் இந்த மிச்சம் அமுங்கிவிடுகிறது, ஓரத்தில் ஆட்டம் காட்டுகிறது.

முதலில் ஒளி வரைபடம் (நேரத்துக்கு எதிராக எண்ணிக்கை வீதம்) போட்டுத் திடீர் எழுச்சி உள்ள நேரங்களை வெட்டுங்கள். பிறகு உங்கள் தரவு, பின்னணி ஆகிய இரண்டு கோப்புகளிலும் 9.5–12 கேஇவி எண்ணிக்கை வீதத்தைப் பாருங்கள். அங்கே கண்ணாடி கிட்டத்தட்ட எதையும் குவிக்காது, வருவதெல்லாம் துகள்தான். உங்கள் வீதத்தைப் பின்னணி வீதத்தால் வகுத்து, வரும் எண்ணால் பின்னணிக் கோப்பின் எக்ஸ்போஷரை வகுக்க வேண்டும். பெருக்கிவிடுவதுதான் வழக்கமான சறுக்கல். துகள் பதிவுகளைக் கூடுதலாக நீக்கும் விஃபெயின்ட் வடிகட்டி போட்டிருந்தால் இரண்டுக்கும் போடுங்கள்.

கழித்த பிறகு 2.1, 7.5 கேஇவி இடங்களை உற்றுப் பாருங்கள். துகள்கள் மோதும்போது கருவியின் உலோகங்களே உமிழும் கோடுகள் அவை: முன்னது தங்கம், பின்னது நிக்கல். 7.5இல் மேடு நின்றால் கழித்தது போதவில்லை; பள்ளம் விழுந்தால் அதிகமாகிவிட்டது. கொத்தின் 6.7 கேஇவி இரும்புக் கோடு செம்பெயர்ச்சியால் (அண்டம் விரிவதால் ஆற்றல் குறைவது) 6.3க்கு வந்திருக்கும், அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பொருத்தும்போது 0.7–7 கேஇவி போதும். செம்பெயர்ச்சி 0.0625, வெளி வளையத்தில் உலோக அளவு (கனமான தனிமங்கள், சூரியனோடு ஒப்பிட்டு) 0.3 என்று நிலைநிறுத்திவிடுங்கள். வழியில் கதிரை உறிஞ்சும் நம் பால்வீதியின் ஹைட்ரஜன் அளவை 0.012 என்று கொடுங்கள். எக்ஸ்ஸ்பெக்கின் அலகு சதுர சென்டிமீட்டருக்கு 10²² அணுக்கள். 1.2 என்று அடித்தால் மென்கதிர் முழுக்க விழுங்கப்படும்.

படத்தின் ஓரத்தையே பின்னணியாக எடுக்கத் தோன்றும். வேண்டாம். இந்தக் கொத்து சிப்பை விடப் பெரிது, அந்த ஓரத்திலும் அதன் வாயுதான் இருக்கிறது.