பாம்பன் படம் பழையதா?

பழையதுதான். 'இன்று பாம்பனில் கடல் சீற்றம்' என்று நாளிதழ் போட்டதாக நீங்கள் சொல்லும் படத்தில் பழைய ரயில் தூக்குப்பாலம் மட்டும் நிற்கிறது. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்டது. இன்றைய படமென்றால் அதன் உயரமான தூக்குக் கோபுரங்கள் பக்கத்திலேயே தெரிய வேண்டும்.

அநேகமாக அந்த நாளிதழுக்கு அங்கே புகைப்படக்காரர் இல்லை. நிருபரே போனில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கோப்பில் இருக்கும் பழைய படத்தைப் போட வேண்டும். (அமெரிக்க நாளிதழான சிகாகோ சன்-டைம்ஸ் 2013-லேயே புகைப்படக்காரர்களை மொத்தமாக வேலையிலிருந்து நீக்கிவிட்டு நிருபர்களுக்கு ஐபோன் பயிற்சி கொடுத்தது.)

கூகுள் லென்ஸில் போட்டு, முன்பு எப்போது வெளியானது என்று பாருங்கள். வாட்ஸ்அப் பிரதியில் பொதுவாக எடுத்த தேதி இருக்காது.

தூக்குப் பகுதி தெரியாத நெருக்கமான படங்களுக்கு மட்டும் இந்தக் கோபுரக் கணக்கு உதவாது.