மனநல மருத்துவருக்கு டிமென்ஷியா ஆராய்ச்சியில் என்ன வேலை?

கேள்வி: மனநல மருத்துவ மேற்படிப்பை முடிக்கப் போகிறேன். முதியோர் மனநலம், டிமென்ஷியா (நினைவும் சிந்தனையும் படிப்படியாகக் குறைந்துபோகும் நிலை) பற்றிய ஆராய்ச்சியில் இறங்க ஆசை. "அது நரம்பியல்காரர்கள் களம், உனக்கு அங்கே என்ன வேலை?" என்று என் பேராசிரியர் கேட்கிறார். போகலாமா?

போகலாம், தாராளமாக. இதே கேள்வியை இளம் வயதில் என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். அதனால் பதில் கொஞ்சம் சூடாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பேராசிரியரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: டிமென்ஷியாவின் மிகப் பரவலான வகை யார் பெயரால் அழைக்கப்படுகிறதோ, அந்த அலாய்ஸ் அல்சைமர் ஒரு மனநல மருத்துவர். 1901-ல் ஃபிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனைக்கு அகுஸ்டே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். மறதி மட்டும் அதற்குக் காரணம் இல்லை. கணவர்மேல் சந்தேகம், பயம், கூச்சல் எல்லாம் சேர்ந்திருந்தன. 1906-ல் அவர் இறந்தபின் அவருடைய மூளையை நுண்ணோக்கியில் பார்த்து, அதே வருடம் நவம்பரில் மருத்துவர்கள் கூட்டத்தில் அல்சைமர் பேசினார். 1910-ல் தன் பாடநூலில் அந்த நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டிய எமில் கிரேப்பலினும் மனநல மருத்துவர்தான். அப்புறம் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் மார்ட்டின் ராத். முதுமையில் வரும் மனநோய் எல்லாமே மூளை தேய்ந்துபோவதுதான் என்று பலர் நினைத்திருந்த காலத்தில், மருத்துவமனையில் சேர்ந்த முதியவர்களுக்குப் பின்னாளில் என்ன ஆனது என்று பார்த்து, மனச்சோர்வு வந்தவர்களின் போக்கு வேறு, டிமென்ஷியா வந்தவர்களின் போக்கு வேறு என்று 1955-ல் காட்டியவர் அவர். இவர்களெல்லாம் யார் களத்தில் யார் புகுந்தது என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

நரம்பியல் நண்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும், அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தை அகற்றும் புது மருந்துகளும் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அவர்களோடு சேர்ந்துதான் என் வேலை முழுக்க நடந்திருக்கிறது. ஆனால் நோயாளியின் வீட்டில் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் மறதி இல்லை. பொருளைத் திருடிவிட்டார்கள் என்ற சந்தேகம், சாயங்காலமானால் வரும் பதற்றம், எதிலும் நாட்டமில்லாமல் உட்கார்ந்திருப்பது, இவைதான். இவற்றைக் கேட்டு, பிரித்து, அளக்கப் பயிற்சி பெற்றவர் நீங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதியவர்களின் நினைவாற்றலைப் பல வருடங்கள் பின்தொடரும் ஓர் ஆய்வில் அப்போது நான் இளநிலை ஆராய்ச்சியாளர். எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா வந்தார். வேலைக்காலம் முழுக்கக் கணக்கு எழுதியவர், கணவரை இழந்து அதிக நாள் ஆகவில்லை. எதைக் கேட்டாலும் "தெரியாது" என்றார். கூட வந்த மகளோ எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு பதில் சொன்னார். நினைவாற்றல் சோதனையில் மதிப்பெண் மிகக் குறைவு. மனச்சோர்வு அளவுகோலில் மிக அதிகம். மகளைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அம்மாவிடம் தனியாகப் பேசினேன். ரொம்ப நேர அமைதிக்குப் பிறகு அவர் சொன்னார்: "கூட்டினால் விடை வருது தம்பி. எதுக்காகக் கூட்ட ஆரம்பிச்சேன்கிறதுதான் போயிடுது."

அதை அப்படியே எழுதி வைத்தேன்.

ஆய்வின் தலைவர் அவரை நீக்கிவிடச் சொன்னார். மனச்சோர்வு உள்ளவர்களைச் சேர்த்தால் நினைவாற்றல் தரவு கலங்கிவிடும், இது மனச்சோர்வால் வரும் போலி டிமென்ஷியா, சரியாகிவிடும் என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இருந்தது. மனச்சோர்வு மூளையை மந்தமாக்கி டிமென்ஷியா போலவே தோன்றச் செய்யும் என்பதும், சிகிச்சையில் அது தெளியும் என்பதும் உண்மை. நான் கேட்டது ஒன்றுதான்: தெளிந்தபின் அவர்களுக்கு என்ன ஆகிறது? அவர்களை வெளியே அனுப்பிவிட்டால் அது யாருக்குத் தெரியும்? நினைவாற்றல் ஆய்வுகளில் மனச்சோர்வு உள்ளவர்களையும், மனச்சோர்வு ஆய்வுகளில் நினைவாற்றல் குறைந்தவர்களையும் விலக்குவது ரொம்பச் சாதாரணம். ஆனால் எங்கள் வாசலுக்கு வரும் முதியவர்களில் எத்தனையோ பேருக்கு இரண்டும் சேர்ந்தேதான் இருக்கிறது. கூட்டத்துக்குக் கூட்டம் வாதாடினேன். கடைசியில் தனிப் பிரிவாக வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள்.

அந்த அம்மா சிகிச்சையில் நன்றாகத் தேறினார். மறுபடி சோதித்தபோது மதிப்பெண் இயல்புக்கு வந்திருந்தது. "பார்த்தாயா, வெறும் மனச்சோர்வு" என்றார்கள். தொடர்ந்து வரச் சொன்னோம், வந்தார். சில வருடங்கள் கழித்து, மனம் நன்றாக இருந்தபோதே, நினைவு இறங்க ஆரம்பித்தது. இந்தத் தடவை அது ஏறவில்லை. அல்சைமர் என்று உறுதியானது.

ஒருவரை வைத்து முடிவு கட்டுகிறார் என்று கீழே யாரோ எழுதப் போகிறீர்கள். நான் முடிவு கட்டவில்லை. ஆனால் பெரிய ஆய்வுகளும் இதே கேள்வியைத்தான் கேட்டிருக்கின்றன. பிரிட்டனில் அரசு ஊழியர்களைப் பின்தொடரும் வைட்ஹால் 2 ஆய்வில் பத்தாயிரத்துக்கும் அதிகமானவர்களின் 28 வருடத் தரவை எடுத்து, அர்ச்சனா சிங்-மனூ குழுவினர் 2017-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டிமென்ஷியா வந்தவர்களுக்கு, நோய் கண்டறியப்படுவதற்குச் சுமார் 11 வருடங்களுக்கு முன்பிருந்து மனச்சோர்வு அறிகுறிகள் மற்றவர்களைவிட அதிகமாகத் தொடங்கியிருந்தன. அதற்கு முன்னால் அந்த வித்தியாசம் தெரியவில்லை. அப்படியானால் முதுமையில் புதிதாக வரும் மனச்சோர்வு சிலருக்கு நோயின் முன்னோட்டமாகவே இருக்கலாம். இன்னொரு பக்கம், லான்செட் மருத்துவ இதழின் டிமென்ஷியா ஆணையம் 2024-ல் பட்டியலிட்ட, டிமென்ஷியாவுக்கான 14 மாற்றக்கூடிய ஆபத்துக் காரணிகளில் மனச்சோர்வும் ஒன்று. காரணமா, முன்னறிவிப்பா, இரண்டுமா? இன்னும் வழக்கு முடியவில்லை. அதை முடிக்க ஆள் தேவை, உங்களைப் போன்றவர்கள்தான். (மனச்சோர்வு உள்ள பெரியவர் வீட்டில் இருந்து இதைப் படிப்பவர்கள் பயப்பட வேண்டாம். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு டிமென்ஷியா வருவதில்லை. சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.)

இந்த வேலையில் கிடைக்கும் பதில் நமக்குப் பிடித்ததாக இருக்காது என்பதற்கும் தயாராக இருங்கள். டிமென்ஷியாவோடு மனச்சோர்வும் உள்ளவர்களுக்கு நாங்கள் எல்லோரும் பழக்கமாக எழுதிக்கொடுத்த செர்ட்ரலின், மிர்ட்டாசபின் என்ற மனச்சோர்வு மருந்துகள் இரண்டும் போலி மாத்திரையைவிட மேல் இல்லை என்று 2011-ல் ஒரு பெரிய பிரிட்டிஷ் ஆய்வு சொன்னது. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு, மனப்பிறழ்வுக்குத் தரும் புதிய தலைமுறை மருந்துகள் மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று 2005-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. மருந்துகளின் நிலை இப்படி. மறுபுறம், பராமரிப்பவர்களுக்கு எட்டு அமர்வுகளில் சமாளிக்கும் வழிகளைக் கற்றுக்கொடுத்த ஸ்டார்ட் என்ற பிரிட்டிஷ் ஆய்வில் அவர்களுடைய மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. கற்றுக்கொடுத்தவர்கள் உளவியல் பட்டதாரிகள், மூத்த நிபுணர்கள்கூட இல்லை. அதைப் படித்த நாளில் எனக்கு வந்த சந்தோஷம் எந்த ஸ்கேன் படத்தைப் பார்த்தும் வந்ததில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசில் கிடக்கிறது. 1975-ல் வந்த மினி மென்டல் என்ற, நினைவையும் சிந்தனையையும் அளக்கும் 30 மதிப்பெண் சோதனையை உலகம் முழுக்க மருத்துவர்கள் நகலெடுத்துப் பயன்படுத்திப் பழகினார்கள். பிற்பாடு உரிமை ஒரு வணிக நிறுவனத்திடம் போய், தாளுக்குக் காசு கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு பென்சிலும் ஒரு தாளும் மட்டும் இருக்கும் மருத்துவமனைகளுக்கு இது என்ன நியாயம்? உழைத்தவர்களுக்கு உரிமை உண்டு என்பீர்கள், சரி. ஆனால் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அந்தச் சோதனையை நம்பகமாக்கிய ஆயிரக்கணக்கான முதியவர்களுக்கு யார் என்ன கொடுத்தார்கள்? போதாக்குறைக்கு, பள்ளிக்கூடம் போகாதவர்களை அது பல சமயம் நோயாளியாகவே காட்டிவிடும். டிமென்ஷியா உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே நடப்பதில்லை என்பதையே பெயராக வைத்துக்கொண்ட 10/66 குழு, படிப்பறிவைச் சாராத கண்டறியும் முறையை உருவாக்கப் பாடுபட்டது இதனால்தான்.

இனி உங்களுக்கு. எந்தக் குழுவில் சேர்ந்தாலும், அவர்கள் பின்தொடரும் முதியவர்களில் வராமல் நின்றுவிடுபவர்களை என்ன செய்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். அப்படி வராமல் போகிறவர்கள்தான் பெரும்பாலும் உடம்பு முடியாதவர்கள், மனம் சோர்ந்தவர்கள், மறக்க ஆரம்பித்தவர்கள். அவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் ஊரே ஆரோக்கியமாகத் தெரியும். புள்ளியியலை வேறொருவர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள், நடுவில் இறந்துபோகிறவர்களை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதையாவது நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். பதவி உயர்வு மெதுவாகத்தான் வரும். கட்டுரைகளை எண்ணுகிற குழுக்களுக்குப் பத்து வருட ஆய்வின் ஐந்தாவது வருடத்தில் காட்ட ஒன்றும் இருக்காது. ஒரு தேர்வுக் குழு என்னை இதைச் சொல்லியே திருப்பி அனுப்பியது. இன்றைக்கும் அது தவறான முடிவு என்றே சொல்வேன். அதனால் நீண்ட ஆய்வோடு கூடவே, ஒன்றிரண்டு வருடத்தில் முடிகிற சிறிய கேள்வி ஒன்றையும் கையில் வைத்திருங்கள். நிதி விண்ணப்பம் எழுதும்போது, வர முடியாதவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் செலவை முதல் வரைவிலேயே சேர்த்துவிடுங்கள். பாதியில் கேட்டால் தர மாட்டார்கள்.