பட்டம் வாங்கியும் நாலு பேர் முன்னால் பேசப் பயமாக இருக்கிறது. தைரியம் எப்படி வரும்?

பட்டம் வந்தால் தைரியமும் கூடவே வந்துவிடும் என்று நானும் நம்பியிருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான், அப்பா கைநாட்டு. பட்டம் வந்தது, வேலையும் வந்தது, ஆனால் மீட்டிங்கில் யாராவது என் பக்கம் திரும்பினாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். அம்மா போன் செய்தால் எழுந்து மாடிப்படிக்கு ஓடுவேன். ரகசியம் எதுவும் இல்லை, வீட்டில் பேசுகிற பேச்சு என் வாயிலிருந்து வருவதைப் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். இப்படியே ஏழெட்டு வருஷம்.

அதனால் "முதலில் நீ யார் என்று கண்டுபிடி" என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். நான் யார் என்று எனக்கு நன்றாகவே தெரியும், அதை மறைப்பதிலேயே பாதித் தெம்பு போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள், நண்பர் ஒருவருக்கு வர முடியாமல் போனதால், பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் மாலை வகுப்புக்கு அவருக்குப் பதிலாகப் போனேன். அலுவலகத் தோரணையில் பாடத்தை ஆரம்பித்தேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை. முன்வரிசையில் ஒரு கொத்தனார், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், பென்சிலைக் கரண்டி பிடிக்கிற மாதிரி முழுக்கையால் பிடித்திருந்தார். சரி என்று புத்தகத்தை மூடிவிட்டு, அப்பாவிடம் பேசுகிற மாதிரியே "மொதல்ல யாரு பேர எழுதணும்னு ஆசை?" என்று கேட்டேன். மகள் பெயரைச் சொன்னார். அரைமணி நேரம் ஆனது, இரண்டு இடத்தில் தாள் கிழிந்தது, எழுதிவிட்டார். நான் ஒளித்து வைத்திருந்த பேச்சுதான் அங்கே வேலைக்கு ஆனது.

கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேயைப் பற்றி அப்புறம்தான் படித்தேன். 1963இல் பிரேசிலின் அஞ்சிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 பேருக்கு எழுத்துக் கற்பித்தபோது, 'செங்கல்' மாதிரி அவர்கள் அன்றாடம் புழங்குகிற சொற்களிலிருந்தே தொடங்கும் முறையைத்தான் அவர் கையாண்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அப்போது அங்கே ஓட்டு கிடையாது, ஆக எழுத்து கையில் வந்தால் ஓட்டும் வரும். அடுத்த வருஷமே ராணுவம் ஆட்சியைப் பிடித்து அவரைச் சிறையில் போட்டது, ஏன் என்று யோசித்தால் புரியும்.

ஆல்பர்ட் பாண்டுரா என்ற உளவியலாளர் 1977இல் எழுதியதும் இதோடு ஒத்துப்போகிறது. 'என்னால் முடியும்' என்ற எண்ணத்துக்கு அவர் நான்கு ஊற்றுகளைச் சொல்கிறார், அதில் மூன்று இங்கே போதும். வலுவானது, ஒன்றை நாமே செய்து முடித்த அனுபவம். நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது அதற்கு அடுத்தது. அடுத்தவர் தரும் ஊக்கத்துக்கு அவ்வளவு பலம் இல்லை (ஊக்கப் பேச்சு கேட்ட சூடு மறுநாள் காலைக்குள் ஆறிவிடுவது இதனால்தானோ என்னவோ).

உங்களுக்கு நான் சொல்வது, நீங்கள் வராவிட்டால் யாராவது ஒருவர் "எங்கே காணோம்" என்று கேட்கிற மாதிரி ஒரு சின்னப் பொறுப்பைப் பிடியுங்கள். சங்கத்தில் பதவி எல்லாம் வேண்டாம். நாற்காலி போட மட்டும் கூப்பிடுகிற கூட்டமாக இருந்தால் மெதுவாகக் கழன்றுகொள்ளுங்கள்.

நான் முதன்முதலாக நாலு பேர் முன்னால் பேசியது, எங்கள் வகுப்பறையை வேறு எதற்கோ எடுத்துக்கொள்ளப் பார்த்தபோதுதான். குரல் நடுங்கியது. பின்னால் நின்ற கொத்தனார் "தம்பி, சத்தமா சொல்லுங்க" என்றார். சொன்னேன். அறை கிடைத்தது, வாரம் இரண்டு நாள் மட்டும், அதுவும் மின்விசிறி இல்லாமல்.