உசிக்கா, இனோவேவா, கிராஃபோர்டா: எதை வைத்து முடிவு செய்வது?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் குத்துச்சண்டைப் பைத்தியங்கள். எல்லா எடைப்பிரிவையும் சேர்த்து டாப் 10 போட உட்கார்ந்தால் விடியும்வரை வாக்குவாதம்தான். எதை வைத்துத் தரம் பிரிப்பது?

பதில்: முதலில் ‘ஜப்பானின் சின்ன எடைக்காரர் இனோவேயை உக்ரைனின் ஹெவிவெயிட் உசிக் சைஸுக்கு ஊதிப் பெருக்கினால் யார் ஜெயிப்பார்’ என்ற கற்பனையைத் தூக்கிப் போடுங்கள். அந்த உடம்பில் அந்த வேகம் இருக்காது, அப்புறம் அவர் இனோவேயே இல்லை. யாரை ஜெயித்தார், அந்த ஆள் அப்போது எந்த நிலையில் இருந்தார், எப்படி ஜெயித்தார், இவ்வளவு போதும்.

எத்தனை பிரிவில் பட்டம் என்று எண்ணுவதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். பிலிப்பைன்ஸின் பாக்கியாவ் எட்டுப் பிரிவுகளில் சாம்பியன், 1998-இல் 112 பவுண்டில் ஆரம்பித்து 2010-இல் 154 வரை போனார். ஆனால் அந்தக் கடைசிப் பட்டத்துக்கு மார்கரிட்டோவோடு மோதியபோது ஒப்பந்த எடை (இருவரும் பேசி வைத்துக்கொண்ட எடை வரம்பு) 154 இல்லை, 150. ஏமாற்று என்று மார்க்கைக் குறைக்கத் தோன்றும். பொறுங்கள், எடை பார்த்த அன்று பாக்கியாவ் 144.6 பவுண்டுதான் இருந்தார். மறுநாள் ரிங்கில் ஏறும்போது அவர் 148, எதிரே நின்றவர் 165. பன்னிரண்டு ரவுண்டும் அந்த மலையைப் போட்டு வெளுத்தார், அதில் நான் ஒரு மார்க்கும் குறைக்க மாட்டேன். அதற்கு முந்தைய வருடம் 147 பவுண்டு சாம்பியன் கோட்டோவை 145-க்கு இறங்க வைத்தார்களே, அங்கே வேண்டுமானால் கொஞ்சம் குறைக்கலாம்.

ஒரு பிரிவு ஏறுவது என்பதும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. இனோவே 118-லிருந்து 122-க்குப் போனது நாலே பவுண்டு. உசிக் 200 பவுண்டு வரம்புள்ள க்ரூசர்வெயிட்டிலிருந்து ஹெவிவெயிட்டுக்குப் போனார், அங்கே உச்சவரம்பே கிடையாது. 2024 மே மாதம் ரியாத்தில் அவர் 223.5 பவுண்டு, டைசன் ஃப்யூரி 262. இனோவேக்கு நான்கு பிரிவு, உசிக்குக்கு இரண்டுதான் என்று கணக்குப் போடுபவர் இதைப் பார்ப்பதில்லை.

தோல்விக்காகவும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டாதீர்கள். சுகர் ரே ராபின்சன் 1952 ஜூனில் யாங்கி ஸ்டேடியத்தில் தன்னைவிட 15 பவுண்டுக்கும் மேல் கனமான ஜோயி மேக்ஸிமோடு மோதினார். இரவிலும் கொளுத்திய வெக்கையில் நடுவரே தாங்காமல் பாதியில் இறங்கி, இன்னொருவர் ஏற வேண்டியிருந்தது. புள்ளிகளில் முன்னிலையில் இருந்த ராபின்சனால் 14-ஆவது ரவுண்டுக்கு எழ முடியவில்லை. அதற்காக அவரை யாராவது கீழே இறக்கினார்களா? தோல்வியே இல்லை என்று மார்தட்டும் ரெக்கார்டுகளைத்தான் நான் சந்தேகத்தோடு புரட்டுவேன்.

அமெரிக்காவின் கிராஃபோர்டுக்குத் தோல்வி இல்லைதான், ஆனால் அவர் அந்த வகை இல்லை. 2025 செப்டம்பரில் 168 பவுண்டுக்கு ஏறி அந்தப் பிரிவின் சாம்பியன் கனெலோவையே ஜெயித்துவிட்டு ஓய்வு பெற்றார். அதனால் இப்போது ஆடுபவர்களுக்கு ஒன்று, எல்லாக் காலத்துக்கும் ஒன்று என இரண்டு பட்டியல் போடுங்கள், பாதிச் சண்டை அங்கேயே ஓய்ந்துவிடும். முதல் பட்டியலில் என் ஓட்டு உசிக்குக்கு.

இன்னும் அடித்துக்கொண்டால் ஒரு வழி உண்டு. ஒவ்வொருவரின் சிறந்த மூன்று வெற்றிகளை மட்டும், எதிராளியின் வயது, எடை, அப்போதைய ஃபார்மோடு துண்டுச்சீட்டில் எழுதி, பெயர்களை மறைத்துவிட்டு வரிசைப்படுத்துங்கள். உசிக் ரசிகனே உசிக் சீட்டைக் கீழே வைப்பான், பாருங்கள்.