ஏற்காட்டில் கீழே ஊர் தெரிவது எப்போது, காட்டுக்குள் நடப்பது எங்கே?

கேள்வி: கடலூரிலிருந்து எழுதுகிறேன். வரும் ஜனவரியில் இரண்டு நாள் ஏற்காடு போகிறோம். நான், கணவர், பன்னிரண்டு வயது மகள், மாமியார். சொந்தக் கார். போன ஆகஸ்டில் போனபோது எந்த வியூ பாயின்ட்டில் நின்றாலும் வெள்ளைத் திரை போட்ட மாதிரிதான் இருந்தது. இந்த முறையாவது கீழே ஏதாவது தெரியுமா? எங்கே எந்த நேரத்தில் போக வேண்டும்? மகளுக்குக் காட்டுக்குள் நடக்க ஆசை. நடக்கலாமா, யாரிடம் அனுமதி கேட்பது? மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு.

பதில்: ஆகஸ்டில் நீங்கள் பார்த்தது மேகம். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு அதைவிட ஆயிரம் மீட்டருக்கும் மேலே. மழை மாதங்களில் ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி ஏறும்போது குளிர்ந்து, பல நாள் அந்த உயரத்திலேயே மேகமாகத் திரண்டுவிடும். நீங்கள் அதற்குள் நின்றிருக்கிறீர்கள். இந்த மேகம் ஓரிடத்தில் நிற்காது. பொறுமையாக அரை மணி நேரம் நின்றால் நடுவில் ஒரு கிழிசல் விழும், அதற்குள் கீழே ஒரு ஊரே தெரிந்து மறையும். இல்லையென்றால் மலையின் மறுபக்கம் போய்விட வேண்டும். தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் அந்தப் பக்க வியூ பாயின்ட்டான லேடீஸ் சீட் மூடிக் கிடந்தாலும், கிழக்கே பகோடா பாயின்ட் பக்கம் திறந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஜனவரியில் தொந்தரவு வேறு மாதிரி. மலைமேல் வானம் பளிச்சென்று இருக்கும். ஆனால் இரவில் குளிர்ந்த காற்று சமவெளியில் தேங்கி, தூசியையும் புகையையும் தனக்குள் அடைத்து வைத்துக்கொள்ளும். விடிந்ததும் மேலிருந்து பார்த்தால் சேலத்தின்மேல் சாம்பல் நிறப் போர்வை விரித்தது போலிருக்கும். அதன் மேல்விளிம்பு கோடு போட்டது மாதிரி நேராக இருப்பதைப் பார்க்கலாம். மேகம் மாதிரி இது அரை மணி நேரத்தில் விலகாது. வெயில் ஏற ஏறக் கொஞ்சம் கலையும், முழுக்கத் தெளிய ஒரு மழை பெய்து கழுவ வேண்டும். ஆகவே நீங்கள் போவதற்கு முந்தைய நாள் தூறல் விழுந்திருந்தால், தங்கும் இடத்தில் பையை வைத்துவிட்டு முதல் வேலையாக வியூ பாயின்ட்டுக்குக் கிளம்பிவிடுங்கள். போகியை ஒட்டிய நாட்கள் வேண்டாம். புகையும் கூடுதல், பொங்கல் விடுமுறைக் கூட்டமும் கூடுதல்.

இனி நேரம். எல்லாரும் செய்கிற தவறு, சூரியனுக்கு எதிரே நின்று ஊரைத் தேடுவது. தூசி கலந்த காற்றில் எதிர்வெயில் பட்டால் அந்தத் தூசியே ஒளிர்ந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். அதே காற்றில் வெயில் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ விழுந்தால் வீடுகளின் சுவரும் ஏரிக்கரையும்கூடத் தனித்தனியாகத் தெரியும். லேடீஸ் சீட் தென்மேற்கே, சேலத்தைப் பார்த்து நிற்கிறது. மாலையில் அங்கே எல்லாரும் போவது அஸ்தமனத்துக்காக. சூரியன் அழகாகத்தான் விழும், ஆனால் கீழே ஒன்றும் பிடிபடாது. ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் காலை எட்டரையிலிருந்து பத்தரைக்குள் போங்கள். வெயில் இடது பக்கம், சற்றுப் பின்னாலிருந்து விழும். மலைப்பாதை வளைந்து வளைந்து இறங்குவதை விரலால் தொடர்ந்துகொண்டே போகலாம். நல்ல தெளிவான நாளாக இருந்தால் மேற்கே மேட்டூர் அணையின் தண்ணீர் தகடு போல மின்னும். பகோடா பாயின்ட் இதற்கு நேர்மாறு. கிழக்கு பார்த்த இடம், ஆகவே பிற்பகல் மூன்று மணிக்கு மேல்.

ஒரு நாள் மாலையை மட்டும் லேடீஸ் சீட்டிலிருந்து சேலத்தின் விளக்குகளைப் பார்க்க ஒதுக்குங்கள். ஆறேகாலுக்குள் சூரியன் போய்விடும், அப்புறம் அரை மணி நேரத்தில் நகரம் முழுக்க விளக்கு ஏறும். அங்குள்ள பூங்காவை எப்போது பூட்டுவார்கள் என்று காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாமியாருக்கு இதுதான் மிகவும் பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஸ்வெட்டரும் காதை மூட ஒரு துணியும் அவசியம்.

கிளியூர் அருவிக்கு மாமியாரை அழைத்துப் போகாதீர்கள். இறங்கும்போது உற்சாகமாக இருக்கும், ஆனால் முழங்கால் வலிக்காரர்களை வாட்டுவது இறக்கம்தான். ஜனவரியில் தண்ணீரும் குறைந்திருக்கும். அதற்குப் பதில் சேர்வராயன் கோயில். 1,623 மீட்டர், இந்த மலையின் உச்சி அதுதான். கார் கோயிலுக்குப் பக்கத்திலேயே போய்விடும். குகைக்குள் இருக்கிறது சந்நிதி, குனிந்துதான் போக வேண்டும். அது மட்டும் முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே வந்தால் மேசை மாதிரி தட்டையான வெட்டவெளி. மகளைக் கீழே குனிந்து மண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். செம்மண்ணில் குண்டுகுண்டாகக் கல் கிடக்கும். அலுமினியம் எடுக்கிற பாக்சைட் படிந்த மலை இது.

சரி, காட்டு நடை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏற்காட்டில் காடு மாதிரி தெரிகிற இடத்தில் பெரும்பகுதி காடே இல்லை, காப்பித் தோட்டம். நிழலுக்கு சில்வர் ஓக் மரம், அதில் மிளகுக்கொடி, அடியில் காப்பிச் செடி. வேலி இல்லாவிட்டாலும் அது ஒருவருடைய நிலம். கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மீதி இருப்பது காப்புக்காடு. அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கென்றே தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் மாநிலம் முழுக்க 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, வழிகாட்டியோடு இணையத்தில் முன்பதிவு செய்ய வைத்திருக்கிறார்கள். சேலம் மாவட்டப் பாதைகளும் அதில் உண்டு. சிறுவர்களைச் சேர்ப்பதற்கு நிபந்தனை இருக்கும், முன்பதிவுக்கு முன் படித்துவிடுங்கள். தீ பிடிக்கும் கோடை மாதங்களில் பாதைகளை மூடிவிடுவார்கள். ஜனவரி அந்த வகையில் நல்ல மாதம்.

ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முதல் நடை என்றால் என் யோசனை வேறு. ஊரைச் சுற்றி 32 கிலோமீட்டர் லூப் ரோடு இருக்கிறது. நாகலூர் பக்கம் காரை ஓரங்கட்டிவிட்டு, காலை ஏழு மணிக்கு அந்த ரோட்டிலேயே இரண்டு மூன்று கிலோமீட்டர் நடங்கள். யார் அனுமதியும் தேவையில்லை. கணவர் காரைப் பின்னாலேயே மெதுவாக ஓட்டி வந்தால் மாமியாரும் கூடவே வரலாம். ஜனவரியில் காப்பிப் பழம் பறிக்கிற வேலை நடக்கும். பறிப்பவர்களிடம் கேட்டு ஒரு சிவந்த பழத்தை மகள் கையில் கொடுங்கள். விரலால் அழுத்தினால் தோல் வழுக்கி விலகி, வழவழப்பான கொட்டைகள் இரண்டு வெளியே வரும். அந்த வழவழப்பை நாக்கில் வைத்தால் இனிப்பு. காப்பி வாசனை துளியும் இருக்காது.

தோட்டத்துக்குள் போக அனுமதி கிடைத்தால் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். சில்வர் ஓக் சருகு சரிவில் குவிந்திருக்கும் இடத்தில் செருப்பு எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கும். ஷூ போடுங்கள், காலைப் பக்கவாட்டில் வைத்து இறங்குங்கள். பல வருடம் முன்பு ஒரு தோட்டத்தில் நான் யாரிடமும் கேட்காமல் மாலை நான்கு மணிக்கு உள்ளே இறங்கினேன். பனி மூடியது. எந்த வரிசையைப் பார்த்தாலும் ஒரே மாதிரி மரம், போனில் சிக்னல் இல்லை. வேலை முடிந்து திரும்பிய இரண்டு அம்மாக்கள் பேச்சுச் சத்தம் கேட்டுத்தான் வெளியே வந்தேன். அவர்கள் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது, நியாயமான திட்டு. அன்றிலிருந்து மூன்று மணிக்கு மேல் புதுப் பாதையில் நான் கால் வைப்பதில்லை. நீங்களும் வைக்காதீர்கள். இந்த மலையிலேயே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களை ஒட்டிக் கோயில் காடுகள் உண்டு. அவற்றுக்குள் ஊரார் சொன்னால் ஒழியப் போக வேண்டாம்.

திரும்பும் வழி. சேலத்திலிருந்து ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகள் வரும். இறங்கும்போது அதே பாதை வேண்டாம், குப்பனூர் வழியாக இறங்குங்கள். அது அயோத்தியாப்பட்டணம் பக்கம் கொண்டுபோய் விடும். நீங்கள் ஆத்தூர், உளுந்தூர்பேட்டை வழியாகக் கடலூர் போகிறவர்கள், சேலம் நெரிசலுக்குள்ளேயே நுழைய வேண்டியதில்லை. கிளம்புமுன் பாதை திறந்திருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண்சரிந்து போக்குவரத்து நின்றது. பிரேக்கையே நம்பாமல் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லுங்கள். இரண்டாம் நாள் மூன்று மணிக்குப் பகோடா பாயின்ட், நாலேகாலுக்குக் கார் கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே அடிவாரம் சேர்ந்துவிடலாம்.